பாம் ஷெல்டருக்கு ஒரு வெள்ளிக் கேபிள்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். தேக்கா மார்க்கெட் போகணும், மீன் வாங்கணும், வீட்டுக்கு வரணும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆங் மோ கியோவுல இருந்து செல்வம் வர்றார். செல்வம் என் மனைவி கலாவோட அண்ணன். அவருக்கு மீன் குழம்புன்னா உயிர். எங்க வீடு பொங்கோல்ல. கிட்டயே மீன் கிடைக்கும். ஆனா தேக்கா பாசார்ல கலாவுக்குன்னு ஒரு மீன்காரர் இருக்கார். குழம்புக்குன்னு சொன்னா போதும், அவரே அளவு பார்த்து வெட்டிக் கொடுத்துடுவார்.

"பாறை மீன். குழம்புக்கு. அப்புறம் ஒரு மாங்காய். அவ்வளவுதான்" அப்படின்னா கலா. "வேற எந்தக் கடைக்கும் போகாதீங்க. முக்கியமா அந்த வயர் கடைக்கு."

"சே சே! நான் எதுக்கு அங்க போறேன்?"

சொல்லும்போதே எனக்குத் தெரியும், போகப்போறேன்னு.

வயர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வீட்டு பாம் ஷெல்டரைப் பத்திச் சொல்லணும். வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். இங்க புது அடுக்குமாடி புளோக் வீடுகள்ல எல்லாம் ஒரு குட்டி அறை உண்டு. கனமான கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு. குண்டு விழுந்தா நாம உள்ள போய் உட்காரலாம். குண்டு விழாத வரைக்கும் அரிசி மூட்டையும் பெட்டியும் பழைய ஃபேனும் உட்கார்ந்திருக்கும்.

போன வருஷம் அந்த அரிசி மூட்டையைத் தள்ளிட்டு நான் உட்கார்ந்துட்டேன்.

காரணம் என் ஹெட்போன். எனக்கு வேற கெட்ட பழக்கம் எதுவும் இல்ல. வேலை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கிட்டு பழைய பாட்டு கேக்கணும். மேல் வீட்டுல டிரில் போடுற சத்தம் உள்ள வராது. ஹேண்ட்போனுக்கு லைன் கிடைக்காது. என் மேனேஜர் கூப்பிட்டாலும் நான் உலகத்துலயே இல்லாத மாதிரி இருக்கும். நிஜமாச் சொல்றேன், அந்த அறை இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்.

ஒரே ஒரு குறை. கம்ப்யூட்டர் ஹால்ல இருக்கு. அதுல இருந்து நீளமா ஒரு வயர் வந்து, கதவு இடுக்கு வழியா உள்ள நுழைஞ்சு, ஹெட்போன்ல சேரும். கதவை முக்காவாசி சாத்தினா போதும், பாட்டு கரகரன்னு வெட்டி வெட்டி வரும்.

வயர் சரியில்லன்னு முடிவு பண்ணேன்.

பெட்டியோட வந்த வயரைத் தூக்கிப் போட்டுட்டு, துணி சுத்துன வயர் வாங்கினேன். மாட்டிக் கேட்டேன். அப்பப்பா, என்ன வித்தியாசம்! வீணை கம்பியை ஒவ்வொண்ணா எண்ணலாம் போல இருந்தது. மறுநாள் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தா பழைய கரகர. அடுத்து, கரண்ட்ல வர்ற அழுக்கை வடிகட்டுதாம், அந்த டப்பா ஒண்ணு வாங்கி நடுவுல மாட்டினேன். முதல் நாள் சொர்க்கம், மறுநாள் கரகர. காதுல படுற பஞ்சு மெத்தையை மாத்தினேன். கம்ப்யூட்டரோட பவர் வயரை மாத்தினேன். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் கலாவைக் கூப்பிட்டு, "கேளு கேளு, பாடுறவங்க எச்சில் முழுங்குறது கூடக் கேக்குது"ன்னு மாட்டி விடுவேன்.

"அதை எதுக்குங்க நான் கேக்கணும்?" அப்படின்னு கேப்பா கலா.

கலா வீட்டுல ப்ளவுஸ் தைக்கிறா. சாப்பாட்டு மேசைதான் அவ கடை. சாப்பிடற நேரம் வந்தா மெஷினைத் தூக்கிக் கீழ வைக்கணும், சாப்பிட்டதும் மறுபடி மேல ஏத்தணும். தீபாவளி நெருங்குது, எங்க புளோக் பொம்பளைங்க துணி எல்லாம் எங்க சோபாவுலதான் குவிஞ்சு கிடக்கு. இதுல போன வாரம் ரசம் கொட்டி ஒருத்தங்க பட்டுத் துணி பாழாப்போச்சு.

அன்னிக்குத்தான் கலா தீர்ப்பு சொன்னா. "எனக்கு ஷெல்டர் வேணும். சனிக்கிழமை அண்ணன் வரும்போது மெஷினை உள்ள தூக்கி வச்சிடலாம்."

நான் துள்ளி எழுந்தேன். "கலா, அங்க எவ்வளவு செஞ்சு வச்சிருக்கேன்! வயர் மட்டுமே எத்தனை மாத்தியிருக்கேன்!"

"அந்த வயரால ஏதாவது வித்தியாசம் இருக்கா? உங்களுக்கு நிஜமாவே தெரியுதா?"

"தெரியாமயா? கண்ணைக் கட்டி விடு, எது எந்த வயர்னு சொல்றேன்!"

நுணலும் தன் வாயால் கெடும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

"சரி" அப்படின்னா கலா. "அண்ணன் முன்னாடி சொல்லுங்க. கரெக்டா சொல்லிட்டீங்கன்னா அறை உங்களுக்கு, நான் மேசையிலயே தைச்சுக்கறேன். தப்பா சொன்னீங்க, அறை எனக்கு."

இப்ப புரியுதா, நான் ஏன் வயர் கடைக்குப் போனேன்னு? ரெண்டு வயருக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கணும். அப்பத்தான் நான் பிழைப்பேன்.

தேக்காவுல மீன் வாங்கியாச்சு. மாங்காயும் வாங்கியாச்சு. பாசாரை விட்டு வெளிய வந்ததும் கால் அதுபாட்டுக்கு ரோட்டைத் தாண்டி, சந்துக்குள்ள திரும்பி, ஜமால் பாய் கடை வாசல்ல நின்னுடுச்சு. நான் ஒண்ணும் பண்ணல.

"வாங்கண்ணே, வாங்க! உங்களைத்தான் நினைச்சேன்!" அப்படின்னார் பாய்.

ஜமால் பாய் ஏமாத்துற ஆள் இல்ல. விக்கிறதை எல்லாம் அவரே நம்புறவர். அதுதான் ஆபத்து.

நிலைமையைச் சொன்னேன். அவர் நேரா உள்ள போய், நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியை எடுத்துட்டு வந்தார். திறந்தார். உள்ள பளபளன்னு பின்னல் போட்ட ஒரு கேபிள், வெல்வெட் மேல படுத்திருந்தது.

"வெள்ளிண்ணே. உள்ள ஓடுறது சுத்த வெள்ளி."

எனக்கும் கொஞ்சம் அறிவு இருக்குன்னு காட்டணும்ல. "பாய், இது யு.எஸ்.பி. டிஜிட்டல் வயர்தானே? உள்ள போறது வெறும் பூஜ்யமும் ஒண்ணும்தானே? அதுல வெள்ளி போட்டா என்ன, பித்தளை போட்டா என்ன?" இது போன பொங்கலுக்கு செல்வம் என்னைக் கேட்ட கேள்வி. சொந்தக் கேள்வி மாதிரி கேட்டேன்.

பாய் கேபிளைக் கையில எடுத்துப் பிடிச்சார். "போறது பூஜ்யம்தாண்ணே. ஆனா போய்ச் சேரும்போது அது சுத்தமான பூஜ்யமா இருக்கணும்ல?"

எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. அப்போ இவ்வளவு நாளா நான் அழுக்குப் பூஜ்யத்தையா கேட்டுட்டிருந்தேன்!

"உக்காருங்க. கேட்டுப் பாருங்க. உங்க காது சாதாரணக் காது இல்லண்ணே" அப்படின்னார்.

இந்தக் காதுலதான் கலா குப்பை போடச் சொல்றது விழவே விழாது. அது வேற விஷயம்.

ஹெட்போன் மாட்ட ரெண்டு கை வேணும். மாங்காய் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டேன். மீன் பையை கவுண்டருக்குக் கீழ வச்சேன். இதை நீங்க ஞாபகம் வச்சுக்கோங்க. நான் வச்சுக்கல.

பாட்டு ஓடுச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். பாய் என் பக்கத்துல குனிஞ்சு, "பாடுறவர் மூச்சு விடுறது கேக்குதா?" அப்படின்னார்.

"கேக்குது பாய்! ரொம்ப கிட்டக்க கேக்குது!"

அது பாயோட மூச்சுன்னு இப்ப தோணுது.

விலையைச் சொல்ல மாட்டேன். இதைக் கலாவும் படிக்கிறா.

எம்.ஆர்.டி. ரயில்ல பொங்கோல் வரைக்கும் அந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, தாலிக்கொடி வாங்கிட்டுப் போறேன்னு நினைச்சாங்க போல, என்னைப் பார்த்து வாழ்த்துற மாதிரி சிரிச்சாங்க. நானும் வெக்கப்பட்டுச் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்தப்போ கலா சமையல்கட்டுல புளி கரைச்சுட்டிருந்தா. பையை மேசை மேல வச்சுட்டு பூனை மாதிரி சாமி அலமாரிக்குப் போனேன். புது சாமானாச்சே, பொட்டு வைக்காம எப்படி? ஆயுத பூஜைக்குக் கூட கலா மெஷினுக்குப் பொட்டு வச்சப்போ, நான் ஹெட்போனுக்கு வச்சேன். வெள்ளிக் கேபிள் தலையில சந்தனமும் குங்குமமும் வச்சுட்டு ஷெல்டருக்குள்ள போய் மாட்டினேன். அவசரத்துல கதவைக் கூடச் சாத்தல.

சொர்க்கம்! கரகரப்பே இல்ல! ஒரு பாட்டு, அடுத்து இன்னொரு பாட்டு, அப்படியே உட்கார்ந்துட்டேன்.

"என்னங்க!" அப்படின்னு ஒரு குரல். சுத்தமான பூஜ்யத்தைக் கிழிச்சுக்கிட்டு வந்த குரல். நிமிர்ந்தா கலா. ஒரு கையில கரண்டி, இன்னொரு கையில மாங்காய்.

"மீன் எங்க?"

மேசையைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். மீன் எங்கயும் இல்ல.

கதவு திறந்திருந்தாலும் ஷெல்டருக்குள்ள ஹேண்ட்போன் லைன் வராது. வெளிய ஹாலுக்கு வந்ததும் அதுக்கு உயிர் வந்துடுச்சு. வரிசையா மெசேஜ் கொட்டுச்சு. எல்லாம் ஜமால் பாய்.

"அண்ணே மீன்."

"அண்ணே மீனை விட்டுட்டீங்க."

"அண்ணே ஏன் லைன் போகல?"

"அண்ணே ஏசி போட்டிருக்கேன், வாடை சுத்துது. கஸ்டமர் ஒருத்தர் ஓடிட்டார்."

கடைசியா, "பக்கத்து நாசி பாடாங் சாப்பாட்டுக் கடை ஃபிரிட்ஜ்ல வச்சுட்டேன். மெதுவா வாங்க. கேபிள் எப்படி இருக்கு?"

கலா என் தோளுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் படிச்சுட்டா. அவ திட்டல. திட்டியிருந்தா கூடத் தேவலாம். புளித்தண்ணியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ஃபிரிட்ஜைத் திறந்து முட்டையை எடுத்தா.

சரியா அந்த நேரத்துல காலிங் பெல் அடிச்சுது.

செல்வம் உள்ள வந்து மூக்கை உறிஞ்சார். "என்ன கலா, மீன் வாசமே காணோம்?"

"மீன் தேக்காவுலயே இருக்கு அண்ணா" அப்படின்னா கலா. "வயர்தான் வந்திருக்கு. வாங்க, முதல்ல அந்தப் பரீட்சையை முடிச்சிடலாம்."

குழம்பு போன கோபத்துல இருக்கிற ஆள்தான் எனக்கு நீதிபதி. நினைச்சுப் பாருங்க.

ஷெல்டருக்குள்ள பெட்டி மேல உட்கார்ந்தேன். கதவை நல்லா திறந்து வச்சுட்டு செல்வம் என் முன்னாடி நின்னார். கலா என் கண்ணைத் துண்டால இறுக்கக் கட்டினா, கொஞ்சம் அதிகமாவே இறுக்கினா. செல்வம் கையில பழைய வயர், வெள்ளிக் கேபிள் ரெண்டும். ஒவ்வொரு தடவையும் பாட்டை நிறுத்தி, வயரை மாத்தி, மறுபடி பாட்டு போடணும். நான் பழசா புதுசான்னு சொல்லணும்.

முதல் தடவை கேட்டேன். தலையைச் சாய்ச்சேன். "கொஞ்சம் மந்தமா இருக்கு. பழசு!"

"கரெக்ட்" அப்படின்னார் செல்வம், ஆச்சரியமா.

ரெண்டாவது தடவை. "பழசேதான்! மாத்தின மாதிரி ஏமாத்தப் பாக்குறீங்க!"

"அட! கரெக்ட்!"

எனக்குத் தலைகால் புரியல. ஜெயிச்சாச்சு! அறை எனக்குத்தான்! ஹெட்போன்ல சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டு, ராஜா மாதிரி சாய்ஞ்சு உட்கார்ந்தேன். வெளிய யார் பேசினாலும் இனி எனக்குக் கேக்காது.

இதுக்கப்புறம் நடந்ததை நான் பார்க்கல. செல்வம் சொன்னதையும் வீடியோவுல பார்த்ததையும்தான் சொல்றேன். ஆமா, வீடியோ இருக்கு.

செல்வம் மூணாவது தடவைக்காகப் பழைய வயரை உருவுறார். பாட்டை நிறுத்த மறந்துட்டார். அந்த நேரம் பார்த்து கலா போன் சார்ஜ் இல்லாம சாகப் போகுது, ப்ளவுஸ்காரங்க யாரோ லைன்ல இருக்காங்க. "அண்ணா, அதைக் கொஞ்சம் குடுங்க"ன்னு வெள்ளிக் கேபிளை வாங்கிட்டுப் போய் போன்ல சொருகிட்டா. பழைய வயர் செல்வம் கையில தொங்குது. என் ஹெட்போன்ல ஒண்ணுமே இல்ல.

நான் தலையை ஆட்டிக்கிட்டிருக்கேன்.

செல்வம் என்னைப் பார்க்கிறார். கையில இருக்கிற வயரைப் பார்க்கிறார். ஹெட்போன் ஓட்டையைப் பார்க்கிறார். மறுபடி என்னைப் பார்க்கிறார். அப்புறம் மெதுவா ஹேண்ட்போனை எடுக்கிறார்.

"மச்சான்!" அப்படின்னு கத்துறேன் நான், வீடியோவுல. "மாத்துனதே தெரியல! பாட்டு நிக்கவே இல்ல! உங்களுக்குக் கைராசி!"

கேமரா இன்னும் என் கிட்ட வருது.

"இதுதான்! இதுதான் வெள்ளி! சந்தேகமே வேணாம்! என்ன ஒரு தெளிவு! நடுவுல எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு!"

கேமரா ஆடுது. செல்வம் சிரிப்பை அடக்குறார்.

"கலா, நீயும் வந்து கேளு! இந்த கேபிள் இல்லாம இனி என்னால பாட்டே கேக்க முடியாது!"

கலா வரல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. துண்டை அவுத்தேன்.

முதல்ல கண்ணுல பட்டது கலா. சுவர் பிளக் பக்கத்துல உட்கார்ந்து போன்ல, "ஆமாக்கா, கை நீளம் வச்சாச்சு"ன்னு பேசிக்கிட்டிருக்கா. போன்ல இருந்து வெள்ளிக் கேபிள் தொங்குது, சந்தனப் பொட்டோட.

செல்வம் கையில பழைய வயர்.

என் காதுல பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு.

ஹெட்போன் அடியில மெதுவா தடவிப் பார்த்தேன். ஓட்டை. வெறும் ஓட்டை.

ஹாலுக்குப் போய் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஹெட்போனை வாங்கின முதல் நாள் ப்ளூடூத்துல சேர்த்து விட்டிருந்தேன். அது அப்படியே இருக்கு. அன்னியில இருந்து பாட்டு காத்துலதான் வந்துட்டிருந்திருக்கு. வயர் வழியா ஒரு பூஜ்யம் கூடப் போகல, சுத்தமானதும் இல்ல, அழுக்கும் இல்ல. நான் வாங்கின எல்லா வயரும் ஹெட்போனுக்கு சார்ஜ் மட்டும்தான் ஏத்திக்கிட்டு இருந்திருக்கு. புது வயர் வாங்குற அன்னிக்கு எல்லாம் கதவைத் திறந்து வச்சு மாட்டுவேன், பாட்டு நல்லா வரும். மறுநாள் இரும்புக் கதவைச் சாத்துவேன், காத்துல வர்ற பாட்டு கதவுல முட்டிக்கிட்டு நிக்கும். ஹேண்ட்போனுக்கே லைன் கிடைக்காத அறைன்னு பெருமை அடிச்சேன் பாருங்க, அதே அறைதான்.

"அப்போ முதல் ரெண்டு தடவை எப்படி மச்சான் கரெக்டா சொன்னீங்க?" அப்படின்னார் செல்வம்.

"குருட்டு அதிர்ஷ்டம்" அப்படின்னேன். கண்ணைக் கட்டிக்கிட்டு இருந்தவன் வேற என்ன சொல்றது?

முட்டைக் குழம்பு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிச்சதும் கலா பழக்கதோஷத்துல மெஷினைத் தூக்கி மேசை மேல வைக்கக் குனிஞ்சா. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாவே வெக்கமாப் போச்சு. இவ தினம் இதைத் தூக்கி வைக்கிறப்போ எல்லாம் நான் உள்ள உட்கார்ந்து யாரோ எச்சில் முழுங்குறதைக் கேட்டுட்டிருந்திருக்கேன்.

"விடு, நான் தூக்குறேன்"ன்னு சொல்லி, நானும் செல்வமும் சேர்ந்து மெஷினை ஷெல்டருக்குள்ள கொண்டு போய் வச்சோம். கனம்னா கனம், அப்படி ஒரு கனம். துணி மூட்டையும் உள்ள போச்சு. சோபாவுக்கு என்ன நிறம்னு அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு.

சாயங்காலம் மீன் எடுக்கப் போனேன். ஜமால் பாய் கிட்ட நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கல. கவலையா தாடியைத் தடவிக்கிட்டார்.

"அப்போ உங்க வீட்டுல ப்ளூடூத்தே அவ்வளவு நல்லா இருக்காண்ணே?"

"ஆமா பாய்."

"அதுக்கு ஒரு ஆன்டெனா வந்திருக்கு. எடுக்கவா?"

மீனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்டேன். சத்தியமா ஓடி வந்துட்டேன். பை என் கையிலதான் இருக்கான்னு ஸ்டேஷன் போய்ச் சேர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டே போனேன்.

செல்வம் அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டார். இப்ப எங்க வீட்டுக்கு யார் போன் பண்ணாலும், "நடுவுல எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறாங்க. கலா ஷெல்டருக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு தைக்கிறா. உள்ள லைன் கிடைக்காததால ப்ளவுஸ்காரங்க யாரும் அவசரப்படுத்த முடியல, வேலை மளமளன்னு நடக்குது. நான் சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து, மேல் வீட்டு டிரில் சத்தத்தோட சேர்த்துப் பாட்டு கேக்கறேன். கரகரப்பு மட்டும் இல்ல.

அந்த வெள்ளிக் கேபிளைத் திருப்பிக் கொடுத்துட்டியான்னு நிறைய பேர் கேக்கறாங்க. கொடுக்கலாம்னுதான் பார்த்தேன், கலா விட மாட்டேங்கிறா.

அதுல போட்டா அவ போன் ரொம்பத் தெளிவா சார்ஜ் ஆகுதாம்.